இடது இடுப்பில் சேறு

முதலில் அவன் முகம் எனக்குத் தெரியாது.
மூன்றாம் எண் சட்டை தெரியும்.
அதன் கால்சட்டையில் இடது இடுப்பில் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண்.
ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுகிறவன்
யாரடா என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.
தெர்த்துலியானு பர்ரெத்து.
பெனாலிம் பக்கம், அறுத்த வயலில் ஆடிப் பழகிய கால்,
தாள் குத்திய வடு கணுக்கால் முழுக்க.

சுரங்கக் கம்பெனியின் அணி, மட்காவ்.
எடைமேடைக் குமாஸ்தா என்று அவனுக்குச் சம்பளம்.
அவன் ஒரு லாரியை நிறுத்து யாரும் பார்த்ததில்லை.
அவன் பக்கமாக ஓடிவந்தவன்
பந்தில்லாமல் திரும்பிப் போனதை
ஊரே பார்த்தது.

இந்தியாவுக்காக ஆடியது பதினொரு நிமிடம்,
டாக்காவில், யாருக்கோ தசை பிடித்ததால்.
அந்த நீலச் சட்டையை இரு கையிலும் ஏந்தி வந்தான்,
பூசைக்கு அப்பம் எடுத்து வருகிறவன் போல.
"தனியாகத் துவை, எஸ்பெரான்சா."
தனியாகத்தான் துவைத்தேன்.
அப்புறம் அதே வாளியில்
அணியின் வெள்ளைக் காலுறைகளை ஊறப்போட்டேன்.
ஒரு மாதம் எல்லோரும் வெளிறிய நீலத்தில் ஓடினார்கள்.
புதுச் சீருடை என்று பத்திரிகையில் போட்டார்கள்.
அவன் மீசைக்குள் சிரித்ததோடு சரி.

முப்பத்து மூன்றில் முழங்கால் போயிற்று.
இடுப்புச் சேறும் நின்றது.
பிறகு அவன் துணியில் எனக்கு வேலையே இல்லை:
வியர்வை, ஓரத்தில் சுண்ணாம்பு,
பையில் வயிற்றெரிச்சல் மாத்திரை,
மடித்த தாளில் அம்புக்குறிகள்.
வெள்ளைக் கோட்டுக்கு வெளியே
நிற்கக் கற்றுக்கொண்டவனின் துணி.
நின்றானா? வலது சப்பாத்து மட்டும் சீக்கிரம் தேய்ந்தது.
ஆட்டம் முழுக்கக் காற்றை உதைக்கிறான்
என்றான் பேருந்து ஓட்டுகிற பீத்து.

ஐந்து முறை தற்காலிகப் பயிற்சியாளர்.
செர்பியாக்காரர் போனதும் இவன்,
பிரேசில்காரர் கோபித்துக்கொண்டு போனதும் இவன்.
நெஞ்சில் போனவரின் முதலெழுத்துகள் அப்படியே இருக்கும்.
நாலு வாரத்துக்கு எதற்கு மாற்றுவது என்றது அலுவலகம்.
அடுத்தவன் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு
கத்தினான், கும்பிட்டான்,
நடுவரிடம் மஞ்சள் அட்டை வாங்கினான்.

ஐந்தாவது முறை அடிமட்டத்தில் கிடந்த அணி
ஏழு ஆட்டம் தொடர்ந்து வென்றது.
எட்டாவதற்கு முன்னால்
லிஸ்பனிலிருந்து ஒருவர் விமானம் ஏறிவிட்டார்.
இவனுக்குச் சேதி சொன்னது பீத்து.

திங்கட்கிழமை அந்தக் கால்சட்டை வந்தது.
இடது இடுப்பு.
செம்மண், புல்லின் பச்சை,
பழைய இடம், விரல்கடை பிசகவில்லை.

நான் கேட்கவில்லை. மைதானக் காவல்காரன் இனாஸ்தான் சொன்னான்:
மழை, விளக்கில்லை, பந்துமில்லை.
நடுக்கோட்டிலிருந்து ஓடிவந்து சறுக்கினான்.
மறுபடியும்.
மூன்றாவது முறை எழ நேரமாயிற்று.
நான் பம்புசெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அக்கா,
பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

கறையை வைத்துப் பூசிக்க நான் யார்?
சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.
செம்மண் போயிற்று. பச்சை போகவில்லை.

லிஸ்பன்காரர் நெட்டை.
கால்சட்டை அவருக்குக் கெண்டைக்கால் வரைதான் வந்தது,
ஆகவே அலமாரிக்குப் போயிற்று.
நவம்பரில் அவரும் போனார்.

சன்னலில் தெர்த்துலியானு நின்றான், முடி நரைத்திருந்தது.
துணியை வாங்கி இடுப்பைத் திருப்பிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
"இந்தத் தடவை உன் எழுத்தைப் போடுகிறேன்" என்றேன்.
"டி.பி. என்றா? காசநோய் என்பார்கள்.
எவனும் பக்கத்தில் வரமாட்டான்."

இடது பின்காவலனுக்கு
அது நல்லதுதானே என்றேன்.

இஸ்திரிப் பெட்டி சூடாகத்தான் இருந்தது.