செவ்வாய்க்கிழமை நீர்

ஆல்ஸ்டனுக்கு மேலே, கடைசி ஆட்டுப்பட்டியும் தாண்டி,
வண்டி போகும் மட்டும் போய், பிறகு நடை.
பதினோரு வருடமாக
இரண்டு வாரத்துக்கொரு செவ்வாய்.
கையுறை. ஓடை நீரால் மூன்று அலசல்.
ஒரு குமிழிகூட மிஞ்சாமல்
நீருக்குள்ளேயே புட்டியை மூட வேண்டும்.

பால் ஊற்றாத டீ என்று முதல் நாள் சிரித்தேன்.
அழுக்கில்லை இது.
பாதி மக்கிய பாசி, ஹீதர் வேர்,
ஆயிரமாயிரம் மழைக்காலங்களைத் தேக்கிவைத்த பீட் மண்
கரைந்து வருகிறது.
வடிகட்டியில் சிக்காது.
எரித்துத்தான் எண்ணுகிறோம்:
லிட்டருக்கு இருபத்தெட்டு மில்லிகிராம் கரிமம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இந்த மேடு அளக்காமல் போடுகிறது.
பின்னாலேயே கணக்குப்பிள்ளையாக நான்.

எனக்கு விளங்க வருடங்கள் ஆனது:
ஆலைப் புகையால் மழை புளித்திருந்த காலமெல்லாம்
மண் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.
புகை குறைந்தது, மழை நல்ல மழையானது,
அப்புறம்தான் ஓடை கறுக்கத் தொடங்கியது.
கூட்டத்தில் இதைச் சொன்னால் வரைபடம் கேட்கிறார்கள்.
காட்டுகிறேன். ஒரு கோடு இறங்க, ஒரு கோடு ஏறுகிறது.
கீழே சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலக்கும் ரோவன்
இறங்கும் கோட்டைப் பார்க்கவே இல்லை.
"இன்னும் எவ்வளவு ஏறும்?"
கரிமமும் குளோரினும் கூடினால் என்ன பிறக்கும் என்று
அவனுக்குத் தெரியும்.

பிப்ரவரிப் புயல் ஒரு வியாழன் இரவு வந்தது.
ஓடைக்குக் கிழமை தெரியாது.
ஒரு மாதத்துக்கு உரியதை
ஒரே இரவில் வாரிக்கொண்டு போயிருக்கும்.
மலைப்பாதை அடைபட்டுக் கிடந்தது.
நான் நியூகாசிலில், ஜன்னல் நடுங்குவதைக் கேட்டபடி
போர்வைக்குள் இருந்தேன்.

அடுத்த செவ்வாய், வேலிக்கதவருகே நெவில் டாலன்டைர்.
எங்களை ஒருநாளும் பிடிக்காதவர்;
அவர் அப்பா வெட்டிய வடிகால்களைத்தான்
நாங்கள் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.
கையில் ஒரு ஜாம் புட்டி.
"ராத்திரி மூன்று மணி," என்றார்,
"டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு."
மூடியில் பென்சிலால் தேதி, நேரம்.
பக்கவாட்டில் பாதி கிழிந்த பிளம் படம்.
அலசினீர்களா என்றேன்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

யாரிடமும் சொல்லாமல் இயந்திரத்தில் வைத்தேன்.
நூற்றுப் பதினாறு.
இதில் மலை எவ்வளவு, ஜாம் எவ்வளவு?
இரண்டு நாள் அந்த எண்ணோடு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

மிச்சம் என் ஜன்னலில் நிற்கிறது.
மண் அன்றைக்கே அடியில் படிந்துவிட்டது,
நிறம் இன்னும் படியவில்லை.
அபூர்வமாய் வெயில் அடிக்கும் மதியங்களில்
அந்த வியாழக்கிழமை
செம்பழுப்பாக என் விசைப்பலகை மேல் விழுந்து
எஃப் எழுத்திலிருந்து எம் வரைக்கும் நகர்கிறது.

என்ன எண் வந்தது என்று டாலன்டைர்
ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.
பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.
பொய் இல்லை.
சீக்கிரம் புட்டியைத் திருப்பித் தர வேண்டும்,
பிளம் பழுக்கும் மாதம் வருகிறது.