மூக்குக் கணக்கு

துலம்சுரேனுக்கு வண்டி ஓட்டியவன் நான்,
பத்தொன்பது குளிர்காலம்.
வேனை எழுப்ப விடியலில் எஞ்சினுக்கு அடியில் தீ காட்டுவேன்.
அதற்குள் அவள் பென்சில் சீவி முடித்திருப்பாள்.
பேனா உதவாது, மை உறைந்துவிடும்.

கால்நடைத் துறையில் கடைசி நாற்காலி அவளுக்கு.
டிசம்பர் பிறந்தால் புல்வெளி முழுக்க எண்ண வேண்டும்:
செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம்.
ஐந்து மூக்கு என்போம் எங்கள் பக்கம்.
மற்றவர்கள் தலையை எண்ணுகிறார்களாமே, என்றேன்.
தலை செத்ததற்கும் இருக்கும், என்றாள்.
மூக்கில் ஆவி வந்தால்
ஒன்று என்று போடு.

வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வார்கள்,
சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருந்தால் கூட்டிச் சொல்வார்கள்.
ஒருவன் நாற்பது ஆட்டைக் குன்றுக்குப் பின்னால் ஒளித்தான்.
உப்புத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு
அந்த நாற்பதுக்கும் தண்ணீர் காட்டினீர்களா என்றாள்.
அவன் மனைவிதான் முதலில் சிரித்தது.

பிறகு ஜூத் வந்தது.
கோடை பொய்த்து, பனி முந்தி,
நடுவில் ஒரே ஒரு நாள் வெயிலடித்து,
அன்றிரவே எல்லாம் இறுகிப்போனது.
புல் தெரிந்தது, கடைக் கண்ணாடிக்குள் சாமான் தெரிவதுபோல.
ஆடுகள் முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொண்டன.
ஒன்றோடொன்று சாய்ந்து
நின்றவாக்கிலேயே போயின.

மாவட்டக் கிடங்கில் உலர்புல் கூரைவரை இருந்தது.
பூட்டும் இருந்தது.
தலைநகருக்கு மூன்று தந்தி, பதில் இல்லை.
நான்காம் நாள் என்னிடம்
உன் ஜாக்கிக் கம்பியைக் கொடு என்றாள்.

யார் அனுமதித்தது என்று பின்னால் விசாரணைக் குழு கேட்டது.
பிப்ரவரி ஒன்பது, என்றாள்.
குறிப்பெடுத்தவர் அதையும்
ஒரு மேலதிகாரியின் பெயர்போலவே எழுதிக்கொண்டார்.

குழு கேட்காதது ஒன்று உண்டு.
டீசல் ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் போதும்.
மேற்கில் முப்பத்தொரு குடும்பம். கிழக்கில் நான்கு.
பானெட்டின்மேல் வரைபடத்தை விரித்தாள்,
காற்று மடக்கியது,
விரித்தாள்,
மேற்கு என்றாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது.

அப்புறம் மாகாணம், அமைச்சகம்,
அதற்கும் அப்புறம் கடல் தாண்டி
ஏதோ பெரிய நிவாரண அமைப்புக்குத் தலைவி.
அஞ்சலட்டைகள் வரும்.
‘இங்கே ஒட்டகத்துக்கு ஒரே திமில். நீ நம்பமாட்டாய்.’
இன்னொன்று, நான்கு மாதம் தாமதமாக:
‘இன்று பதினோராயிரம் பேர் எல்லை தாண்டி வந்தார்கள்.
கஞ்சி வாங்கிய குழந்தையின் விரலில் மை வைக்கிறோம்.
இங்கே மை உறைவதில்லை.’

ஓய்வு பெற்றுத் திரும்பினாள். பெட்டியில் ஒரு பதக்கம்,
முழங்காலில் வலி.
விமான நிலையத்தில் என்னைக் கண்டதும்
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.
கிழக்கே போகலாம், என்றாள்.

கொம்போ இல்லை. அவர் மகள் செவெக்மித் இருந்தாள்.
அந்த ஆண்டு முந்நூற்று நாற்பதில் ஆறு மிஞ்சிய வீடு.
கிண்ணத்தை இரு கையால் நீட்டினாள், முறைப்படி.
திட்டுவாள் என்று காத்திருந்தோம்.
அவள் அடுப்பைக் கிளறியபடி சொன்னாள்:
‘டிசம்பரில் வெற்றுப் படிவம் ஒரு கட்டு விட்டுப்போனீர்களே,
சாணம் தீர்ந்த இரவு அதை எரித்துத்தான்
தம்பிக்கு வெந்நீர் வைத்தோம்.
நல்ல தாள். புகையே இல்லை.’

திரும்பும் வழியில்
நாற்பது கிலோமீட்டர் அவள் வாய் திறக்கவில்லை.
ஆற்றைக் கடக்கும்போது கேட்டாள்,
அந்தக் கட்டில்
எத்தனை தாள் இருந்திருக்கும்?