ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரே
ஒரு வேப்பமரமும் என் ஜெராக்ஸ் மெஷினும்.
நிழலுக்குக் காசில்லை. நகல் இரண்டு ரூபாய்.
விண்ணப்பம் நிரப்பித் தர நூற்றைம்பது,
கண் சிவந்து வருகிறவர்களுக்கு நூறு.

பெயர், தகப்பன் பெயர், உடம்பில் மச்சம்,
எல்லாம் கேட்கிறது கம்ப்யூட்டர்.
ஏன் போகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.
அதற்குக் கட்டம் இல்லாததால்
என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கீழவளவு வீரணன்
மலையைப் பாளம் பாளமாக அறுத்தவன்.
குவாரிக்கு சீல் விழுந்த பிறகு
நாலு வருஷம் டீக்கடை பெஞ்சில் இருந்தான்.
"நான் அறுத்த கல்லு இத்தாலியில தரையாக் கெடக்குதாம்.
கல்லுக்கு யாருக்கா விசா கேட்டா?"
ஒன்பதாவதோடு நின்ற ஆள்,
பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று குத்துவார்கள் என்றேன்.
"மகாபலிபுரம் போற ரோடா?"
சிரித்துக்கொண்டே எச்சில் தொட்டு ஒட்டினான்,
போட்டோ பின்பக்கமாக.

உசிலம்பட்டிக்கு மேற்கே
ஆயிரத்து நூறு அடியில் காற்று மட்டும் வந்த போர்வெல்லை
ஒரு தகப்பன் இரண்டு கையாலும் வட்டம் பிடித்துக் காட்டினார்,
நான் எட்டிப் பார்க்கப்போவதுபோல.
வட்டி மூன்று. மகன் பத்தொன்பது.
மகன் ஒன்றும் பேசவில்லை.

ஜெசிந்தா நர்ஸ். இங்கே பதினோராயிரம்,
ரியாத்தில் எழுபதாம்.
"அங்க யாரோ ஒருத்தங்க அம்மாவுக்கு நான் ஊசி போடணும்.
இங்க எங்கம்மாவுக்கு ஊசி போட
ஒரு ஆள் வச்சிட்டுப் போகணும்" என்றாள்.
கணக்கு சரியாகத்தான் வருகிறது,
மாதம் ஐம்பத்தெட்டாயிரம் மிச்சம்.

பத்து வருஷம் கழித்துப் புதுப்பிக்க வருவார்கள்.
அப்போதுதான் மீதிக் கதை.

மேலூர் காதர் மொய்தீன்
மூன்று மாடி கட்டிவிட்டார்.
மாடிக்கு ஏற முட்டி விடவில்லை.
போனில் "நீ, வா" என்ற மகள்
நேரில் "நீங்க, வாங்க" என்கிறாளாம்.
உள்ளே போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
சிமெண்டு தின்ற விரலை மெஷின் எடுக்கவில்லை.
வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்;
ஆள் வந்துவிட்டார்,
ரேகை வரவில்லை.
தேங்காயெண்ணெய் வாங்கி வரச் சொன்னேன்.
சில சமயம் அது வேலை செய்யும்.

நேற்று நிரோஜா வந்தாள். ஆனையூர் முகாம்.
பி.காம்., டைப்பிங் ஹையர்,
பிறந்தது ராஜாஜி ஆஸ்பத்திரி, மூன்றாவது வார்டு.
டொரண்டோவில் சித்தப்பா கடை வைத்திருக்கிறார்.
"சும்மா போட்டுப் பாருங்கக்கா."

குடியுரிமை எதனால் என்ற கட்டத்தில்
கர்சர் நின்றது.
நின்று துடித்துக்கொண்டிருந்தது.
"பிறப்பால்னு போடுங்க."
தாய் தகப்பன் யாரென்று அடுத்த கட்டம் கேட்கும் என்றேன்.
வல்வெட்டித்துறை என்று அவள் சொல்லும்போது மட்டும்
மதுரைப் பேச்சு மாறியது.
"எங்கப்பா ஒரே ஒரு தடவைதான் கடல் தாண்டினார்.
அந்தப் பயணம் இன்னும் முடியலன்னு
ஆபீசுல சொல்றாங்க."

இத்தனை வருஷத்தில்
எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.
வந்தவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
விண்ணப்பத்தைச் சேமிக்காமல் மூடினேன்.

பிறப்புச் சான்றிதழில் ஆறு நகல் கேட்டாள்.
எதற்கு என்று கேட்கவில்லை.
ஆறாவதில் மதுரை மாநகராட்சி என்ற முத்திரை
மங்கலாக விழுந்தது.
கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன்.

அவனியாபுரத்திலிருந்து மத்தியான கொழும்பு விமானம்
ஏறிப் போகிற சத்தம்.
ஒரு மணி நேரம்தானாம்.
அவள் நிமிரவில்லை,
பன்னிரண்டு ரூபாய்க்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.