காண்க

பிழை திருத்திய தாள்களை எடுத்துப்போக
நாலு மணிக்கு ஆள் வருவான்.
லீத் துறைமுகத்தில் மழை, வழக்கம்போல் பக்கவாட்டில்.
என் மேசையில் பதினோரு சுல்தான்கள்
இன்னும் எழுத்துக்கூட்டல் முடிவாகாமல்.

பதிப்பாசிரியர் ஃபெர்கஸுக்குக் கியூ பிடிக்காது.
பின்னால் யூ இல்லாமல் தனியே வரும் கியூவில்
வாசகர் தடுக்கி விழுவாராம். கே போடு, என்கிறார்.
மஷ்ஹதிலிருந்து ஸோஹ்ரே எழுதுகிறாள்:
உங்கள் கே வாசலோடு நின்றுவிடுகிறது,
நான் சொல்வது தொண்டையின் உள்ளறையில்.
நூலை எழுதியவள் அவள். விற்பவர் அவர்.
நான் பெயரடைவு போடுகிறவள்.
கியூ என்றால் குத்புத்தீனுக்கு அண்டைவீடு காடை வேட்டை;
கே என்றால் செங்கல் சூளை.
தில்லியைப் பிடித்தவரை
நாளுக்கு இருமுறை குடிபெயர்க்கிறேன்.

ரஸியா இன்னும் சிக்கல்.
ஒரே எழுத்து: அரபு வாயில் டகரம்,
பாரசீக வாயில் ஸகரம்.
நாலாண்டுகூட நிறையாமல் ஆண்டவளை
நாலு விதமாய் எழுதிப் பார்த்தேன்.
நாலுக்கும் சிவப்புக் கோடு கிழித்தது கணினி.

அவள் தகப்பனோடுதான் ஒரு மாதம் போயிற்று.
நாணயப் படத்தைப் பெரிதாக்கினேன்:
தேய்ந்த வெள்ளியில் ஏறக்குறைய வெறும் மெய்கள்.
உயிரெழுத்தை யாரும் அடித்து வைக்கவில்லை,
அன்று தேவைப்படவில்லை,
சொல்வதற்கு ஊரே உயிரோடு இருந்தது.
பிறகு எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிய கனவான்கள்
அந்த மெய்களுக்குள் தங்களுக்குத் தோன்றியதை ஊதினார்கள்:
அல்தமஷ்.
ஸோஹ்ரே வேறு மூச்சு கொடுக்கிறாள்:
இல்துத்மிஷ். துருக்கியில்,
நாட்டைப் பற்றிப் பிடித்தவன்.
பொருள் வருகிறதல்லவா என்றாள்.
வருகிறது. ஃபெர்கஸும் இறங்கி வந்தார்.
முந்நூற்றுப் பதினெட்டு இடங்களில்
அல்தமஷை அடித்தேன்.
'காண்க' என்று ஒரு வரி விட்டிருந்தேன் அடைவில்,
பக்கம் நீள்கிறதென்று அதையும் எடுத்தேன்.
மடிப்பு வரைபடம் மட்டும் முன்பே அச்சாகிவிட்டது;
அதில் அவர் பழைய ஆள்தான்.

மணி அடித்தது.
மஞ்சள் மழைச்சட்டை, நனைந்த தாடி,
கிளாஸ்கோ வாடை அடிக்கும் ஆங்கிலம்.
பெட்டியை ஒட்டச்சொல்லி ரசீதை நீட்டினான்.
யார் பெற்றுக்கொண்டது, பெயர் சொல்லுங்கள் என்றேன்.
அல்தமஷ் ரெஹ்மானி, என்றான்.
என் பேனா நின்றது. அவனுக்கு அது பழக்கம்போல:
"ஏ, எல், டி, ஏ, எம், ஏ, எஸ், ஹெச்.
மூணு ஏ வரணும் மேடம்,
எல்லாரும் ஒண்ணை முழுங்கிடுறாங்க."
யார் வைத்த பெயர்?
"அம்மா. பழைய ராஜா யாரோ,
ஸ்கூல் புக்குல படிச்சாங்களாம்."

மூன்று ஏயும் விடாமல் எழுதினேன்.
பிறகு, ஒரு நிமிடம், என்று
ஒட்டிய நாடாவைக் கிழித்தேன்.
அடைவின் முதல் பக்கம். ஓரத்தில் மையால்:
அல்தமஷ், காண்க இல்துத்மிஷ்.
எதிர்த்திசையிலும் ஒன்று போட
கை போனது. எங்கள் விதியில் அதற்கு இடமில்லை.

ஒரு வரி கூடியதும்
கீழே இருந்த அரசர்கள் அத்தனை பேரும்
ஒரு படி இறங்கி உட்கார்ந்தார்கள்.
அவன் வாசலில் நின்றான்,
வண்டியை அணைக்காமல்.