உருண்டை போகும் வழி

முதலில் ராஜா கதை கொண்டுபோனேன்.
"ராஜா வேலைக்குப் போகமாட்டாரா?" என்றான் லிங்கேஷ்.
பிறகு, பொய் சொன்ன முயல்.
கடைசிப் பக்கத்தில் முயல் திருந்தப்போவதை
அட்டையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.
மேகம் அழுத கதைக்குப்
பாயின் அடியில் இடம் கிடைத்தது.

ஏழு வயது. படிக்கத் தெரியும்.
மண்டிப் பலகையில் தக்காளி விலை ஏறினால்
எனக்கு முன்னால் சொல்வான்.
லாரி முதுகில் எழுதியதெல்லாம் மனப்பாடம்.
புத்தகம் என்றால் மட்டும்
வயிறு வலிக்கும்.

பாலக்கோடு மண்டியில் சீட்டு எழுதுகிறவள் நான்.
யார் பெயர், எந்த வண்டி, எத்தனை பெட்டி என்று
பகலெல்லாம் எழுதிய கைக்கு
ராத்திரி ஒரு பக்கம் புரட்டுவதே பாரம்.
பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவேன்.
"அப்புறம்?" என்று
ஒருநாளாவது உலுக்குவான் என்று பார்த்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு அவனும் படுத்துக்கொள்வான்.

சனிக்கிழமை நூலகத்தில்
அவனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு
நல்ல புத்தகமாய்த் தேடினேன்.
நீதி இருக்கவேண்டும், எழுத்து பெரிதாய் இருக்கவேண்டும்.
திரும்பி வந்தால்
கீழ்த்தட்டிலிருந்து எதையோ உருவித்
தரையில் குந்தியிருக்கிறான்.
சாணி வண்டு.
அட்டையில் யானை லத்தி, அதன்மேல் கறுப்பாய் ஒன்று.
"ச்சீ, வை" என்றேன்.
அதற்குள் நூலகர் சாதிக் பாஷா
தேதி முத்திரையைக் குத்திவிட்டார்.

மாரண்டஅள்ளி டவுன் பஸ்.
நிற்கத்தான் இடம்.
என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்,
எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஆனால் உரக்க:
"யா...னை போட்...ட சாணி
சு...டச்சுட இருந்தது."
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
பூக்கூடைக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.
நான் ஜன்னலுக்கு வெளியே
மாந்தோப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்டக்டர்,
"அப்புறம் இன்னா ஆச்சு தம்பி?"
"இருண்ணா, படிக்கிறேன்ல."

பின்னங்காலால் உருட்டுமாம்.
தலை கீழே, போவது பின்பக்கம்.
நட்சத்திர வெளிச்சத்தில் வழி பிடிக்குமாம்.
அன்று ராத்திரி தெருவில்
வானத்தைப் பார்த்தபடியே
ஒரு தக்காளியைக் காலால் பின்னுக்கு உருட்டிப்போய்
சாக்கடையில் விழுந்தான்.
கழுவிவிட்டு மஞ்சள் வைத்தேன்.
"வண்டு விழாதும்மா" என்றான்,
அழுகைக்கு நடுவில்.

இரண்டு முறை நீட்டித்தாயிற்று.
மூன்றாவது முறை போனபோது
புழு, பல்லி, ஏப்பம் என்று
சாதிக் பாஷா தனியாய் ஓர் அடுக்கே வைத்திருந்தார்.
ஏப்பம் பிடிக்கவில்லை. பல்லி பரவாயில்லையாம்.

நேற்று பாயைச் சுருட்டும்போது
மேகம் அழுத புத்தகம் அகப்பட்டது.
திருப்பித் தரத்தான் எடுத்தேன்.
அவன் தூங்கியபிறகு
நின்றவாக்கில் முழுசும் படித்தேன்,
யாருக்கும் வாசித்துக் காட்டாமல்.

கெடு முடிந்து பத்து நாள் ஆகிறது.
இன்னும் தரவில்லை.