ஒரு மார்க்குக்கு இரண்டு

வூப்பர்டாலில் நீச்சல்குளத்தை இடிக்கப்போவதாக
நோட்டீஸ் ஒட்டிய கிழமை
அதன் நிலவறையிலிருந்து
நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்தோம்.
நூற்று எழுபது கிலோ.
"உனக்கு விசரே?" என்றார் ஞானசீலன்,
தன் காருக்கு இனி மழைதான் என்று விளங்கியதும்.

ஒருகாலம் எலுமிச்சை மஞ்சள்.
இப்போது வெற்றிலை போட்டவன் பல்.
ஒடுங்கிய கண்ணாடிக் கதவுக்குள்
எட்டுப் போத்தல் படுக்க எட்டுக் குழி,
கழுத்து மட்டும் வெளியே நீட்டியிருக்கும்.
காசு விழுந்தால் ஒரு கழுத்தை இழுக்கலாம்.
ஒன்றைத்தான்.

மகன் போனில் விலை பார்த்தான்:
"மினுக்கி வித்தா மூவாயிரம் யூரோ, அம்மா."
என்னிடம் ஒரு பதில் இருந்தது.
வாய் முழுக்கத் துருத்தூள்.

மார்கழியில் தொடங்கினேன்.
கதவின் ரப்பர் தொட்டதும் மாவாய் உதிர்ந்தது.
காசுப்பெட்டிக்குள் ஒரு அலமாரிச் சாவி, எண் 212,
செத்த குளவி ஒன்று.
குளிர்பெட்டி திருத்தி ஓய்வுபெற்ற ஹோல்கர்
கூலி வேண்டாம், கத்தரிக்காய்க் குழம்பு போதும் என்றார்.
கொம்பிரசர் ஒருமுறைதான் பழுது,
ஹோல்கர் ஐந்து முறை வந்தார்.

எண்பத்தாறில்
இரவு ஒன்பதுக்குக் குளம் பூட்டினபிறகு
நானும் ஸோரிட்சாவும் தரை கழுவுவோம்.
எங்களுக்குள் பொதுவாய் முப்பது ஜெர்மன் சொற்கள்,
அதில் இருபது
துடைப்பம், வாளி, மருந்துகளின் பெயர்.
மிச்சத்தில் ஒன்று ஷ்னெல்.
மேற்பார்வையாளர் சொன்னால்
அது முதுகில் விழும்.
அவள் சொன்னால்
தோடம்பழச் சோடா.

முதல் போத்தலை முழுதாய் உருவக்கூடாது.
பாதியில் பிடி.
மூச்சை விடாதே.
கீழே இருப்பதின் கழுத்தில் மற்றக் கை.
இப்ப,
ஷ்னெல்!
ஒரு மார்க்குக்கு இரண்டு.
குளோரின் மணக்கும் கையோடு
குளத்தின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு,
கடைசித் தொங்குரயிலுக்கு
இன்னும் இருபது நிமிடம்.
அவள் ஏவறை விடுவது கூரையில் பட்டுத் திரும்பிவரும்.
நான் அந்த நாட்டில் வாய்விட்டுச் சிரித்தது
அதற்குத்தான் முதலில்.

தொண்ணூற்றொன்றில் போய்விட்டாள்.
விலாசம் எழுதித் தந்த தாளை
வேலைச்சட்டைப் பையில் வைத்தே துவைத்தேன்.
உலர்ந்தபின் அது
ஒரு பல்லுக்குச்சி மொத்தத்தில் வெள்ளை உருளை.

மாசியில் பூட்டைக் கழற்றியபோது
ஹோல்கர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
"இதுதான் கோளாறு, பார்."
ஒரு பல். அரிசிக் குறுணி அளவு தேய்மானம்.
அடுத்த நாளே புதுப் பல் அறுத்துவந்து பொருத்தினார்.
எந்திரம் யோக்கியமாகிவிட்டது.
நான் பதினைந்து தரம் முயன்றேன்,
இரண்டாவது கழுத்து அசையவில்லை.
ஹோல்கர் பெருமையோடு கைதுடைத்தார்.
நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அவர் படியிறங்கிப் போனதும்
பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த
பழைய பல்லைத் தேடி எடுத்தேன்.
நாலு திருகாணி.
என் வாழ்க்கையில் நான் திருத்தின ஒரே பொருளை
இப்படித்தான்
திருப்பிக் கெடுத்தேன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் பதினொரு மார்க்.
வங்கியில் இன்னும் மாற்றித் தருவார்களாம்.
வருகிறவர்கள் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள்,
மாலையில் பெட்டியைத் திறந்து
கிண்ணத்தில் கொட்டுகிறேன்.
மகன் இதற்கு வியாபாரம் என்று பெயரில்லை என்கிறான்.
மின்சாரக் கட்டணம் வந்தபோது
மறுபடியும் சொன்னான்.

நேற்றிரவு தனியாக நின்று போட்டேன் ஒரு காசு.
பாதியில் பிடித்தேன்.
கை மறக்கவில்லை.

இரண்டோடும் திரும்பினால்
வாசலில் ஞானசீலன், தோளெல்லாம் மழை,
"ஒண்டு எனக்கோ?"

கொஞ்சம் யோசித்தேன்.
உண்மையாகவே யோசித்தேன்.
பிறகு நீட்டினேன்.

"கெதியாக் குடியுங்கோ," என்றேன்,
எங்களைப் பிடிக்க
ஒருவரும் வரப்போவதில்லை என்றாலும்.