காது கிழிந்த வாகனம்

கவ்வாத்து வெட்டிய மலையில்
இரவெல்லாம் பெய்து ஓய்ந்த சேற்றில்
நகம் பதிந்த தடங்கள் பன்னிரண்டு,
பக்கத்தில் நகமில்லாத தடங்கள்,
பிறகு
நகமில்லாதவை மட்டும்
கானைத் தாண்டி மானாப்புல்லுக்குள்.

அழுவதற்கு முன் அதை வரைந்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
பழைய செக்ரோல் தாளின் பின்பக்கம், பென்சில்.
கை நடுங்கவே இல்லை.

மாரி என்று பெயர் வைத்தது
மாரி பிஸ்கட்டின் நிறத்துக்காக.
"அம்மன் பேர நாய்க்கா வைப்ப?" என்று
மஸ்கெலியா பஸ்ஸில் எல்லோர் முன்னும் கேட்டார்
கோயில் தலைவர் கருமலை.
அன்றிலிருந்து பகலில் பிஸ்கட்,
கதவைச் சாத்திய பிறகு மாரி.
இரண்டுக்கும் வாலாட்டும்.

கடைப் பலகை, லொறியின் பின்கதவு,
பிள்ளைக்காம்பராச் சுவரில் யானை,
எதை எழுதினாலும் ஏணியடியில் கிடக்கும்.
குளிரில் அதன் மூச்சு கலையும்போதுதான்
வெள்ளைக்குள் நீலம் இருப்பதைக் கண்டேன்.
அது காதை விறைத்த பக்கம் திரும்பினால்
ஒரு மரை நிற்கும், அல்லது
ஒன்றும் நிற்காது,
பனி மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கும்.
அந்த அசைவைத்தான்
பத்து வருடமாக வரையப் பார்க்கிறேன்.

ஒருநாள் கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்புக்கு
அட்டை கடித்த ரத்தம் சரியாக வந்தது.
காய்ந்ததும் பழுப்பாகிவிட்டது.

திருவிழாவுக்கு மூன்று வாரம்.
"அம்மனுக்குப் பின்சுவரில புலி வேணும்" என்றார் கருமலை.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கோடு வேணாம். புள்ளி போடு."
ஏனென்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

கோபத்தோடுதான் ஏறினேன்.
முதலில் பல்லை வரைந்தேன், பெரிதாக.
பொய்யாக இருந்தது.
சுண்ணாம்பு அடித்து மறைத்தேன்.
மறுபடி பல். மறுபடி சுண்ணாம்பு.

இரண்டாம் கிழமை
பன்றிக்கு வைத்த கம்பியில்
ஒரு சிறுத்தை மாட்டிக் கிடந்தது.
கொழுந்துக்கூடைகளை இறக்கிவைத்துவிட்டு
பெண்கள் வளைந்து நின்றார்கள்.
இடுப்பைச் சுற்றிக் கம்பி.
சுற்றிலும் மண்ணைக் கீறிக் கீறி
வேரெல்லாம் வெளியே.
இதுதானா அது? தெரியாது.
மலையில் ஒன்றா இரண்டா.
அடிவயிற்று வெள்ளை மயிர்
காற்றில் அசைந்தது.
அந்த இடத்தை எனக்குத் தெரியும்.
சொறிந்துவிட்டால் ஒரு கால் தானாக உதறும் இடம்.
ஆபிசர்மார் வந்து சாக்கில் சுற்றித் தூக்கிப்போனார்கள்.

அன்றிரவே டோர்ச் வெளிச்சத்தில் ஏறினேன்.
டின்னில் மிச்சமிருந்தது மஞ்சளும் காவியும்தான்.
கலந்தால் மாரி பிஸ்கட்.
நானாகத் தேடவில்லை.
புள்ளி ஒவ்வொன்றும் சேற்றில் பார்த்த தடம்,
நகமில்லாமல்.
வாய் மூடியிருக்கிறது.
இடது காதில் மட்டும் ஒரு கிழிசல்.

"இதென்ன காது?" என்றார் கருமலை.
"கம்பி கிழிச்சது."
பொய்.
மேல்லயத்துக் கறுவலோடு
ஒரு கோழித்தலைக்காகச் சண்டைபோட்டுக் கிழிந்தது அது.
அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
அம்மனை அதன்மேல் ஏற்றி உட்காரவைக்கச் சொன்னார்.
உட்காரவைத்தேன்.

திருவிழாவன்று டிலுக்சன், ஆறு வயது,
கும்பிட்ட கையை எடுத்துவிட்டு
சுவரைப் பார்த்து
ச்சூ ச்சூ என்று கூப்பிட்டான்.
தாய் தலையில் குட்டினாள்.

நான் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்,
நிமிரவில்லை.
திறந்த கதவால் பனி உள்ளே வந்து
வாகனத்தின் மூக்கில்
ஈரத்தை வைத்துவிட்டுப் போனது.